மைனஸை முதலில் கழற்று



கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் என்னுடைய 45 நிமிடங்களைப் பொறுத்துக்கொண்டவர்கள் இதையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு வாசலில் வைத்து என் காரின் பேட்டரியை நானே மாற்றினேன். மகள் வயிற்றுப் பேரன் அதை வீடியோ எடுத்து, "அப்புச்சி மெக்கானிக் ஆயிட்டாங்க" என்று எழுதிக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். அங்கிருந்து அது பழைய மாணவர்கள் குழுவுக்கும் போய்ச் சேர்ந்தது. அதன்பிறகு வந்த செய்திகளில் சிலவற்றை மட்டும், யார் எழுதியது என்று சொல்லாமல், இங்கே தருகிறேன்.

"இந்த வயசுல இதெல்லாம் தேவையா சார்?"

"ஷாக் அடிச்சா என்ன பண்ணுவீங்க சித்தப்பா?"

"மாமா, ஒரு போன் பண்ணுனா ஆள் வந்து மாத்திட்டுப் போயிடுவான்."

"ஒரு மெக்கானிக்கோட பொழப்புல கை வெக்கறீங்களே சார்!"

"நம்ம சார் கையெல்லாம் கரியோட நிக்கறதப் பார்க்க என்னமோ மாதிரி இருக்கு."

கடைசியாக இருப்பதை எழுதியவர் என்னிடம் பன்னிரண்டாம் வகுப்பு படித்தவர். வேதியியலில் 200-க்கு 200 வாங்கியவர். இன்று பெரிய வேலையில் இருக்கிறார். அன்போடுதான் எழுதியிருக்கிறார், அதில் சந்தேகமில்லை. ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கரி பட்ட கையைப் பார்த்தால் ஏன் "என்னமோ மாதிரி" இருக்க வேண்டும்? அதை அவருக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? யோசித்துப் பார்த்தால் நான்தான். அதனால் இந்தப் பதிவு உங்களுக்கு எழுதும் பதில் மட்டுமில்லை, எனக்கும் சேர்த்து எழுதிக்கொண்டதுதான்.

முதலில் அந்த "ஆள் வந்து மாத்திட்டுப் போயிடுவான்" என்பதைப் பார்ப்போம். நம் வீட்டுக்கு இன்டர்நெட் கம்பெனியின் மேலாளர் வந்தால் "வர்றார்" என்கிறோம். பேங்கிலிருந்து கையெழுத்து வாங்க ஒரு இளைஞர் வந்தால் "வர்றார்" என்கிறோம். 10 கிலோ காரீயத்தையும் அமிலத்தையும் தூக்கிக்கொண்டு வெயிலில் பைக்கில் வருகிற மனிதர் மட்டும் "வருவான்". அவருக்கு வயது ஐம்பதாக இருந்தாலும் "வருவான்" தான். நம் மொழியில் மரியாதை வினைச்சொல்லின் வாலில் இருக்கிறது. யாருக்கு அந்த வாலை வெட்டுகிறோம் என்று ஒரு நாள் முழுக்கக் கவனித்துப் பாருங்கள். கையில் கரி படுகிற எல்லோருக்கும் வெட்டுகிறோம். கரி படாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் படிப்பு என்று நினைக்கிறோம். இதற்கு நம் ஊரில் நீண்ட வரலாறு உண்டு, அது எந்த வரலாறு என்று உங்களுக்குத் தெரியும்.

சரி, ஆபத்து என்கிற வாதத்துக்கு வருகிறேன். இதை நான் அலட்சியம் செய்யவில்லை. ஆபத்து இருக்கிறது. ஆனால் நீங்கள் பயப்படுவது ஒன்று, பயப்பட வேண்டியது வேறொன்று.

கார் பேட்டரி 12 வோல்ட். உலர்ந்த கையால் இரண்டு முனையையும் தொட்டாலும் ஷாக் அடிக்காது. நம் தோலின் மின்தடைக்கு முன்னால் 12 வோல்ட் அவ்வளவு சிறியது. ஆனால் அதே இரண்டு முனைகளுக்கு நடுவே ஒரு ஸ்பேனர் விழுந்தால் கதை வேறு. உலோகத்துக்குத் தடை கிடையாது, பேட்டரியின் உள்தடையோ மிக மிகக் குறைவு. ஓமின் விதி பள்ளியிலிருந்தே உங்களுக்குத் தெரியும். தடை சுழியை நெருங்கினால் மின்னோட்டம் எங்கே போகும்? நூற்றுக்கணக்கான ஆம்பியருக்குப் போகும். வீட்டில் தண்ணீர் சுடவைக்கிற 2000 வாட் கீசர் இழுப்பதே 9 ஆம்பியருக்குள்தான் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்பேனர் அப்படியே பழுக்கும், டெர்மினலோடு ஒட்டிக்கொள்ளும். விரலில் மோதிரம் இருந்து அது நடுவில் மாட்டினால் விரலைச் சுற்றி ஒரு பழுக்கக் காய்ச்சிய வளையம். ஆகவே மோதிரம், கைக்கடிகாரம், வளையல், கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் பானெட்டையே திறக்க வேண்டும்.

இரண்டாவது ஆபத்து வாயு. சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் வெளிவரும். காற்றில் 4 விழுக்காடு ஹைட்ரஜன் சேர்ந்தாலே ஒரு பொறி போதும். ஓட்டி வந்த சூட்டோடு கை வைக்கக் கூடாது. பக்கத்தில் பீடி, சிகரெட், தீக்குச்சி எதுவும் கூடாது. மூன்றாவது அமிலம். உள்ளே இருக்கும் சல்பூரிக் அமிலம் எடையில் ஏறத்தாழ 37 விழுக்காடு. கண்ணில் தெறித்தால் விளையாட்டில்லை. பட்ட இடத்தை நிறையத் தண்ணீரில் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும், கண்ணாக இருந்தால் கழுவிவிட்டு நேரே மருத்துவரிடம் போக வேண்டும்.

வீடியோவைப் பார்த்து ஒரே ஒருவர் மட்டும் சரியான கேள்வி கேட்டார்: "பாதுகாப்புக் கண்ணாடி எங்கே சார்?" தப்புதான் அம்மா. படிக்கிற கண்ணாடியோடு நின்றது என் தவறு. ஆய்வகத்தில் உங்களைத் திட்டியவன் வாசலில் மறந்துவிட்டேன். அடுத்த முறை திருத்திக்கொள்கிறேன்.

இனி மைனஸ், பிளஸ் விஷயம். காரின் உடம்பு முழுக்க, அதாவது அத்தனை இரும்பும், பேட்டரியின் மைனஸோடு இணைக்கப்பட்டிருக்கிறது. முதலில் பிளஸைக் கழற்றப் போனால், ஸ்பேனரின் ஒரு முனை பிளஸில், மறுமுனை தவறிப்போய் பக்கத்து இரும்பில் பட்டாலே மேலே சொன்ன அந்த நூற்றுக்கணக்கான ஆம்பியர். முதலில் மைனஸைக் கழற்றினால்? ஸ்பேனர் இரும்பில் பட்டாலும் மைனஸோடு மைனஸ்தான், ஒன்றும் ஆகாது. மைனஸ் பிரிந்துவிட்ட பிறகு பிளஸைக் கழற்றும்போது இரும்பில் பட்டாலும் சுற்று முழுமையாவதில்லை. அதனால் கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். பெரும்பாலான சின்ன கார்களுக்கு வேண்டியது ஒரு பத்தாம் நம்பர் ஸ்பேனர். வேலை இருபது நிமிடம்.

இந்த இடத்தில்தான் என் பாவமன்னிப்பு வருகிறது.

நான் எத்தனையோ ஆண்டுகள் பன்னிரண்டாம் வகுப்புக்கு மின்வேதியியல் நடத்தினேன். காரீய சேமிப்புக் கலம் அதில் முக்கியமான கேள்வி, அடிக்கடி வரும். ஒரு தகடு காரீயம், ஒரு தகடு காரீய டை ஆக்சைடு, நடுவில் சல்பூரிக் அமிலம். மின்சாரம் கொடுக்கும்போது இரண்டு தகடுகளிலும் காரீய சல்பேட் படியும், அமிலம் நீர்த்துப்போகும். திருப்பிச் சார்ஜ் செய்தால் எல்லாம் பழைய நிலைக்கு வரும். ஒரு கலத்துக்கு 2.1 வோல்ட், ஆறு கலம் சேர்ந்தால் 12.6. 1859-ல் பிரான்சில் காஸ்டன் பிளாண்டே கண்டுபிடித்தார். இத்தனையும் கரும்பலகையில் கலர் சாக்பீஸில் வரைவேன். ஆனால் ஒரே ஒரு பேட்டரியைக்கூட வகுப்பறைக்குள் கொண்டுவந்து மேஜை மேல் வைத்ததில்லை. பள்ளிக்கு எதிரிலேயே பேட்டரிக் கடை இருந்தது. செத்துப்போன ஒரு பேட்டரியை ஒரு நாள் இரவல் கேட்டிருந்தால் சிரித்துக்கொண்டே கொடுத்திருப்பார்கள். எனக்குத் தோன்றவேயில்லை. தேர்வில் அது வராதே!

நாலரை ஆண்டுகளுக்கு முன் என் கார் பேட்டரி போனது. கடைக்குப் போன் செய்தேன். வந்தவர் என் பழைய மாணவர். பத்தாம் வகுப்பில் அறிவியலில் தேறாமல் படிப்பை விட்டவர். அந்தக் காலத்தில் நான் அவரைப் பார்த்து என்ன சொன்னேன் என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. அவருக்கும் நினைவிருக்கும், ஆனால் அவர் அதைக் காட்டிக்கொள்ளவில்லை. மைனஸை முதலில் கழற்றினார். நான் சும்மா பேச்சுக்கு, "ஏன்ப்பா அதை முதல்ல?" என்று கேட்டேன்.

"முதலாளி அப்படித்தான் கழட்டோணும்னு சொல்லிருக்காருங்க சார். ஏன்னு தெரியாதுங்க. ஒருக்கா மாத்திக் கழட்டுனேன், ஸ்பேனர் பத்திக்கிச்சு" என்று உள்ளங்கையில் ஒரு தழும்பைக் காட்டினார்.

காரணம் எனக்குத் தெரியும். ஒரு நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த ஸ்பேனரை என் கையில் கொடுத்திருந்தால் எந்த நட்டு எது என்று எனக்குத் தெரிந்திருக்காது. அவருக்குக் கை தெரியும், காரணத்தை யாரும் சொல்லவில்லை. எனக்குக் காரணம் தெரியும், கையைப் பயன்படுத்தியதே இல்லை. இரண்டு பேரையும் உருவாக்கியது ஒரே பள்ளிக்கூடம். அதில் ஒருவரைத் தேறியவர் என்றும் இன்னொருவரைத் தேறாதவர் என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான்.

நீங்கள் கோபப்பட்டாலும் சொல்கிறேன். ஒரு மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு நட்டைத் திருகத் தெரியாத 200-க்கு 200-ஐவிட, தழும்போடு கற்றுக்கொண்டவரின் வேதியியல் மேலானது. ஆனால் தழும்பு இல்லாமலே அவர் கற்றிருக்க முடியும். அதைத்தான் நான் செய்யத் தவறினேன்.

"மெக்கானிக் பொழப்புல கை வெக்கறீங்க" என்று கேட்டவருக்கு இப்போது பதில். நேர்மையான கேள்வி. ஆனால் மெக்கானிக்குக்கு நீங்கள் தர வேண்டியது அவருடைய திறமைக்கான கூலியும் மரியாதையும். உங்கள் அறியாமைக்கு அபராதம் கட்டுவதை அவருக்கு உதவி என்று சொல்லாதீர்கள்.

ஓர் உதாரணம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு காலையில் கார் செல்ஃப் அடிக்கவில்லை. வெளியூரில் இருந்தேன். வந்து பார்த்த ஒருவர் பானெட்டைத் திறந்தவுடனே "பேட்டரி போச்சுங்க சார், புதுசு போட்டாத்தான்" என்றார். முன்பானால் பணத்தை எண்ணிக் கொடுத்திருப்பேன். அதற்குள் மல்டிமீட்டர் ஒன்று வாங்கி வைத்திருந்தேன், சில நூறு ரூபாய்தான். வைத்துப் பார்த்தால் 12.5 வோல்ட். பேட்டரி நன்றாகவே இருந்தது. டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்த உப்புதான் மின்சாரத்தைத் தடுத்துக்கொண்டிருந்தது. மைனஸைக் கழற்றி, பிளஸைக் கழற்றி, ஆப்ப சோடா கரைத்த வெந்நீரும் ஒரு பழைய டூத்பிரஷும் கொண்டு தேய்த்துக் கழுவி, துடைத்து, இறுக்கி மாட்டி, மேலே கொஞ்சம் வாசலின் தடவினேன். கார் கிளம்பிவிட்டது. அந்தப் பேட்டரிதான் அதற்குப் பிறகு இரண்டு ஆண்டுகள் ஓடி, போன வாரம் உயிரை விட்டது. நம் ஊர் வெயிலுக்கு நாலரை ஆண்டு நல்ல ஆயுள்.

ஆகவே அளவுகளை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், பொதுத்தேர்வில் வராது, ஆனாலும் செய்துகொள்ளுங்கள். வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு 12.6 இருந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போனால் கிட்டத்தட்டக் காலி. இன்ஜின் ஓடும்போது 14-ஐ ஒட்டி இருக்க வேண்டும். ஓடும்போதும் 12-லேயே நின்றால் சார்ஜ் செய்கிற ஆல்டர்னேட்டர் பக்கம் கோளாறு. அப்போது நீங்கள் புது பேட்டரி போட்டால் அதுவும் சாகும். அங்கேதான் மெக்கானிக் வேண்டும். அவரைக் கூப்பிடுங்கள், கேட்ட கூலியைக் கொடுங்கள், உட்காரச் சொல்லி டீ கொடுங்கள். ஐந்நூறு ரூபாய்க்கு அவரோடு பேரம் பேசிவிட்டு மாலில் பாப்கார்னுக்கு வாயைத் திறக்காமல் கொடுப்பவர்கள் மெக்கானிக் பிழைப்பைப் பற்றி எனக்குச் சொல்ல வேண்டாம்.

எல்லா வண்டியிலும் கை வை என்று சொல்கிறேனா? இல்லை. ஹைப்ரிட், மின்சாரக் கார்களில் ஆரஞ்சு நிற ஒயரைப் பார்த்தால் தள்ளி நில்லுங்கள், அது நூற்றுக்கணக்கான வோல்ட், உயிரை எடுக்கும். சிக்னலில் தானாக நின்று தானாகக் கிளம்பும் கார்களுக்கு வேறு வகைப் பேட்டரி, அதே வகையைத்தான் போட வேண்டும். சில ஐரோப்பிய கார்களில் புது பேட்டரி போட்டதை வண்டியின் கணினிக்குத் தெரிவிக்க வேண்டும், அதற்குத் தனிக் கருவி உண்டு. பேட்டரி வயிறு உப்பியிருந்தாலோ கசிந்தாலோ தொடாதீர்கள். வண்டியோடு வந்த கையேட்டில் எல்லாம் எழுதியிருக்கிறது. நம்மில் எத்தனை பேர் அந்தக் கையேட்டை பிளாஸ்டிக் உறையிலிருந்து வெளியே எடுத்திருக்கிறோம்?

வாங்கும்போதும் ஒன்றைக் கவனியுங்கள். பேட்டரி எண்ணின் கடைசியில் எல் அல்லது ஆர் என்று ஓர் எழுத்து வரும். பிளஸ் எந்தப் பக்கம் என்பதை அது சொல்கிறது. மாறிப்போனால் கேபிள் எட்டாது. இழுத்துப் பிடித்துத் தப்பான முனையில் மாட்டினால் வண்டியின் மின்னணுச் சாமான்கள் போய்விடும். அதனால் பழையது மாட்டியிருக்கும்போதே செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிளஸ் முனை மைனஸைவிடக் கொஞ்சம் தடிமனாக இருக்கும், தொட்டுப் பார்த்தாலே தெரியும். கார் சாவி உங்கள் சட்டைப் பையில் இருக்கட்டும், உள்ளே வைத்துவிட்டுக் கதவைச் சாத்தாதீர்கள்.

பெண்பிள்ளைகளுக்கு இது எதற்கு என்று ஒரு அத்தை கேட்டிருந்தார். சின்ன காரின் 35 ஆம்பியர்-மணி பேட்டரி சுமார் 10 கிலோ. அத்தை, நீங்கள் தெருக்குழாயிலிருந்து இடுப்பில் சுமந்துவந்த குடம் அதைவிடக் கனம். நடுரோட்டில் வண்டி நின்றால் ஆண்பிள்ளைக்கும் பெண்பிள்ளைக்கும் ஒரே பேட்டரிதான்.

வெளிநாட்டிலும் பெங்களூரிலும் இருக்கும் மாணவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அப்பா அம்மாவுக்கென்று ஒரு கார் வாங்கிக் கொடுத்திருக்கிறீர்கள், நல்ல மனசு. அது போர்வை போர்த்திக்கொண்டு நிற்கிறது. நின்றாலும் கடிகாரம், அலாரம், கணினி எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் குடித்துக்கொண்டேயிருக்கும். 30 மில்லியாம்பியர் என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர்-மணி, முப்பது நாளைக்கு 21.6. 35 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதிக்கு மேல் காலி. அப்படிக் காலியாகவே கிடந்தால் தகட்டில் படிந்த காரீய சல்பேட் இறுகிப் படிகமாகிவிடும், பிறகு சார்ஜ் ஏறாது. ராத்திரி இரண்டு மணிக்கு அப்பாவுக்கு நெஞ்சுவலி வரும்போது அந்தக் கார் "டிக் டிக்" என்று மட்டும் சொல்லும். நான் பயமுறுத்தவில்லை, கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். அடுத்த முறை ஊருக்கு வரும்போது கல்யாண வீடுகளுக்கு நடுவே இருபது நிமிடம் ஒதுக்கி அந்தப் பேட்டரியைப் பாருங்கள். வாரத்துக்கு ஒரு முறை அரை மணி நேரமாவது ஓட்டச் சொல்லுங்கள்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. இதுவரை வாசிக்காமல் தள்ளியவர்கள் இதை மட்டுமாவது வாசியுங்கள். கழற்றிய பழைய பேட்டரி எங்கே போகிறது?

நாலரை ஆண்டுகளுக்கு முன் அந்த மாணவர் புதியதை மாட்டிவிட்டு, "பழசைக் கடைக்கே குடுத்துருங்க சார், விலையில கழிச்சுக்கலாம்" என்றார். நான் கணக்குப் பார்த்தேன். தெருமுனைப் பழைய இரும்புக் கடையில் எடைக்கு எடுத்தால் முந்நூறு ரூபாய் கூடக் கிடைக்கும் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். "நானே பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு அதை அங்கே கொண்டுபோனேன். அங்கிருந்த பையனுக்குப் பதினைந்து பதினாறு வயதுதான் இருக்கும். வெறுங்கையால் மூடியைத் திறந்து, அமிலத்தை அப்படியே சாக்கடையில் கவிழ்த்துவிட்டுத் தராசில் வைத்தான். அமிலம் சிமென்டில் பட்டு நுரைத்தது. நான் ரூபாயை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அமிலம் கையாளும் விதிகளைத் தலைமுறை தலைமுறையாகக் கற்பித்த நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த முந்நூறு ரூபாய் இன்றும் உறுத்துகிறது. சித்தப்பா காசை எண்ணுகிறார் என்று கிண்டல் செய்தவர் அன்று என் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும்.

பேட்டரியின் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடு காரீயம். ரசம் வைக்கிற ஈயச் சொம்போடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம், அது வெள்ளீயம். இது நஞ்சு. காரீயம் 327 டிகிரியிலேயே உருகிவிடும், விறகு அடுப்பு போதும். அதனால்தான் ஊருக்கு வெளியே, தென்னந்தோப்புக்குள், கொட்டகைக்குள் என்று யார் வேண்டுமானாலும் பேட்டரியை உடைத்து உருக்கிவிட முடிகிறது. புகை வயலில் இறங்குகிறது. தூசு உருக்குபவரின் சட்டையில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறது. அதே சட்டையோடு அவர் குழந்தையைத் தூக்குகிறார்.

வயிற்றுக்குள் போகிற காரீயத்தைப் பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடல் நான்கைந்து மடங்கு உறிஞ்சிக்கொள்ளும். அது மூளையைத் தாக்கும். கவனம் குறையும், கற்கும் திறன் குறையும், பிறகு திரும்பாது. இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லக்கூடிய பாதுகாப்பான அளவு எதுவும் கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2020-ல் யுனிசெஃபும் பியூர் எர்த் அமைப்பும் வெளியிட்ட அறிக்கை, உலகில் மூன்று குழந்தைகளில் ஒருவருக்கு, அதாவது சுமார் 80 கோடிக் குழந்தைகளுக்கு, ரத்தத்தில் காரீயம் கவலைப்பட வேண்டிய அளவில் இருக்கிறது என்றது. முறையில்லாமல் உடைக்கப்படும் பேட்டரிகளை அதற்குப் பெரிய காரணங்களில் ஒன்றாகச் சொன்னது. செனகல் நாட்டின் டக்கார் நகரத்தில், தியாரோய் சுர் மேர் என்ற பகுதியில், பழைய பேட்டரிக் காரீயம் கலந்த மண்ணைச் சலித்துப் பிழைத்தார்கள். 2007 நவம்பரிலிருந்து 2008 மார்ச்சுக்குள் அங்கே 18 குழந்தைகள் இறந்தார்கள்.

பெட்ரோலில் காரீயம் கலப்பதை 2000-ல் நம் நாடு நிறுத்தியது. புகைக்குழாய் வழியாக வந்ததை நிறுத்திவிட்டு, பானெட்டுக்குள் இருப்பதை சாக்கடையில் ஊற்றிக்கொண்டிருக்கிறோம்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. பழைய பேட்டரியைத் திரும்பப் பெற வேண்டும் என்ற விதிகள் 2001-லேயே வந்துவிட்டன. 2022 ஆகஸ்டில் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் தயாரிப்பாளருக்குப் பொறுப்பு வைத்ததோடு நிற்கவில்லை, வாங்குகிற நமக்கும் வைத்திருக்கின்றன. பழைய பேட்டரியை மற்றக் குப்பையோடு சேர்க்காமல், முறையாகச் சேகரிப்பவரிடமோ மறுசுழற்சி செய்பவரிடமோ கொடுக்க வேண்டியது நம் கடமை. நடைமுறையில் இது ரொம்ப எளிது. அமிலத்தைக் கொட்டாமல், சாய்க்காமல், நிமிர்ந்தபடியே புதியது வாங்கிய பேட்டரிக் கடையில் கொடுத்து, பில்லில் கழித்து எழுதச் சொல்லி வாங்குங்கள். முறையாக உருக்கினால் அந்தக் காரீயம் திரும்பவும் பேட்டரியாகும். இவ்வளவு முழுமையாகத் திரும்பப் பயன்படுகிற பொருள் நம் வீட்டில் வேறு அதிகமில்லை. அதை ஒரு பையனின் கையில் நஞ்சாக மாற்றுவது நாம் கூடக் கேட்கிற முந்நூறு ரூபாய்தான்.

போன் செய்து ஆளை வரவழைத்து, "பழசை நீங்களே எடுத்துட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டால் இந்தக் கேள்வியே எழாது. அதுதான் கை கறைபடாமல் இருப்பதன் வசதி. கறை போய்விடுவதில்லை, வேறொருவர் கைக்குப் போகிறது. நானே கழற்றி, நானே தூக்கியதால்தான் அந்த 10 கிலோவை எங்கே வைப்பது என்று எனக்குக் கேள்வி வந்தது.

போன ஞாயிறு மாலை பழைய பேட்டரியை அதே மாணவரிடம் கொண்டுபோனேன். இப்போது அவருக்குச் சொந்தக் கடை. வேலைக்கு இரண்டு பையன்கள் வைத்திருக்கிறார். மைனஸை ஏன் முதலில் கழற்ற வேண்டும் என்பதை, நாலரை ஆண்டு தாமதமாக, ஒரு அட்டைப் பெட்டியின் பின்பக்கம் படம் போட்டுச் சொன்னேன். அவர் பையன்களையும் கூப்பிட்டு நிற்க வைத்தார். சொல்லி முடித்ததும், "இதை அன்னைக்கே சொல்லியிருந்தா நான் பாஸாயிருப்பேனுங்க சார்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இனி உங்களுக்கு வீட்டுப்பாடம். ஒன்று, வரும் ஞாயிற்றுக்கிழமை பானெட்டைத் திறந்து, எது பிளஸ், எது மைனஸ் என்று உங்கள் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். மோதிரத்தைக் கழற்றிவிட்டு. இரண்டு, வீட்டு மாடியிலோ கார் ஷெட்டிலோ பழைய பேட்டரி, இன்வெர்ட்டர் பேட்டரி ஏதாவது கிடந்தால் அதைப் பேட்டரிக் கடையில் ஒப்படையுங்கள், எடைக்குப் போடாதீர்கள். மூன்று, அடுத்த முறை வீட்டுக்கு வேலைக்கு வருபவரைப் பற்றிப் பேசும்போது "வருவார்" என்று சொல்லிப் பாருங்கள்.

செய்தவர்கள் கீழே "செய்தேன்" என்று எழுதுங்கள். மதிப்பெண் கிடையாது.

அன்புடன்,
உங்கள் வேதியியல் ஆசிரியர்